மொட்டை மரம் எல்லாம் பட்ட மரம் அல்ல

(நமது மெட்டுகுடா நிருபர்)

"அந்த மரம் பட்டுப் போச்சு தம்பி. வெட்டச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடு."

பங்குனி பிறந்தால் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் இந்தப் பேச்சு கேட்காத வருஷம் இல்லை. குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பவனிடம் மனு எழுதி வாங்குவது நம் ஜனங்களின் பழக்கம். ரேஷன் கார்டு, குழாய்த் தண்ணீர், பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் என்று வரும் மனுக்களோடு மரம் வெட்டும் மனுவும் ஒன்றிரண்டு வந்துவிடும். வருகிறவரை உட்கார வைத்து, "சித்திரை வரைக்கும் பொறுங்கள் அய்யா" என்று சொல்வது என் வழக்கம். பெரும்பாலும் சித்திரையில் மனுவுக்கு வேலை இருக்காது. மரமே பதில் எழுதிவிடும்.

ஊரிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்கள் இலை உதிர்ந்த மரத்தைக் கண்டு பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. சென்னையிலும் செங்கல்பட்டிலும் பெரிய மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. வருஷத்துக்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை. ஐப்பசி மழையின் ஈரம் தை, மாசி வரைக்கும் மண்ணில் கிடக்கும். கடல் காற்றில் ஈரப்பசையும் உண்டு. ஐதராபாத், செகந்திராபாத் கதையே வேறு. இங்கே மழை ஜூன் இரண்டாம் வாரம் வாக்கில் தொடங்கி அக்டோபரில் அடங்கிவிடுகிறது. மொத்தமே 80, 90 சென்டிமீட்டர்தான். அதற்கப்புறம் ஏழு மாதத்துக்கும் மேலாக மரம் சேமிப்பில் காலம் தள்ள வேண்டும். கடலும் கிடையாது. அடியில் கருங்கல் பாறை. சில இடங்களில் நாலு அடி தோண்டினால் கடப்பாரை 'ணங்' என்கிறது.

மாசச் சம்பளக்காரருக்கு இந்தக் கணக்கு சுலபமாகப் புரியும். வரவு நாலு மாசம், செலவு பன்னிரண்டு மாசம். மரத்தின் செலவில் பெரும்பகுதி இலை வழியாகவே போகிறது. ஒவ்வொரு இலையிலும், முக்கியமாக அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. காற்றை உள்ளே இழுக்க அவை திறந்தாக வேண்டும். திறந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகிப் போகும். வேர் உறிஞ்சிக் கொடுக்கும் தண்ணீரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இப்படித்தான் ஆகாயத்துக்குப் போகிறது. மண் காயத் தொடங்கியதும் மரம் முதலில் துவாரங்களைப் பகல் பொழுதில் சாத்திப் பார்க்கிறது. அதுவும் போதாதபோது இலையையே கழற்றிவிடுகிறது.

கழற்றுவது என்றால் அலட்சியமாக வீசி எறிவது அல்ல. மாற்றலாகிப் போகிறவரிடம் ஆபீஸ் சாவி, ரிஜிஸ்தர், முத்திரை எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொல்வதுபோல, உதிரப் போகும் இலையிலிருந்து தழைச்சத்து முதலிய சரக்குகளை மரம் முன்கூட்டியே வாங்கிக் கொள்கிறது. பச்சையம் சிதைகிறது, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. அதே சமயத்தில் காம்பின் அடியில் தக்கை போன்ற ஒரு மெல்லிய அடுக்கு வளர்ந்து வாசலை அடைக்கிறது. அதன் பின் ஒரு சின்னக் காற்று போதும். பழுத்து விழுந்த இலையின் காம்பு நுனியைப் பாருங்கள். பிய்த்தெடுத்த மாதிரி இராது. கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும். மரத்தின் சம்மதத்தோடு விழுந்த இலை அது.

நகத்தால் கீறினால் தெரியும்

இந்த ஊரில் யார் யார் எப்போது மொட்டையடிப்பார்கள் என்பதற்கு ஏறக்குறைய ஒரு கால அட்டவணையே போடலாம். ரயில் அட்டவணையைப் போலவே இதுவும் சில சமயம் தாமதமாகும். வாகை மரம் மாசியில் இலையை உதிர்த்துவிட்டு, காய்ந்த நெற்றுக்களை மட்டும் வைத்துக்கொண்டு காற்றில் கலகலவென்று சத்தம் போடும். பார்ப்பதற்கு எலும்புக்கூடுதான். பலாச மரம் இலையெல்லாம் போன பின் தீப்பிடித்ததுபோல் பூக்கும். தெலுங்கர்கள் இதை மோதுகு என்பார்கள். சரக்கொன்றையும் குல்மோகரும் சித்திரை வெயிலில் இலை இல்லாமல் நின்று பூவைத் தள்ளும். அரசமரம் சில நாள் மொட்டையாக நின்றுவிட்டு உடனே செம்பு நிறத்தில் துளிர்விடும். வேம்பும் புங்கமும் ஒரு கையால் பழையதைக் கொடுத்து மறு கையால் புதியதை வாங்கிக் கொள்ளும். முழு மொட்டையாக அவற்றைப் பார்ப்பது அபூர்வம். புங்கத்தைத் தெலுங்கில் கானுக என்கிறார்கள். ஏப்ரல் மாதம் அதன் புது இலையில் வெயில் படும்போது கிடைக்கும் பச்சையை எந்தப் பட்டுச்சேலைக் கடையிலும் நான் பார்த்ததில்லை.

பட்ட மரமா, மொட்டை மரமா என்று பார்ப்பதற்குப் பெரிய படிப்புத் தேவை இல்லை. கைக்கு எட்டும் ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீற வேண்டும். உள்ளே பச்சையாக ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. பழுப்பாக வறண்டிருந்தால் அந்தக் குச்சி போய்விட்டது. ஒரு குச்சி போனதால் மரம் போயிற்று என்று அர்த்தமில்லை. இன்னும் தடித்த கிளையில், பிறகு அடிமரத்தில் பார்க்க வேண்டும். வளையும் குச்சிக்கு உயிர் உண்டு, படக்கென்று ஒடியும் குச்சிக்கு இல்லை என்று தோட்ட வேலை செய்யும் மாலிகள் சொல்வார்கள். அதுவும் சரியான சோதனைதான்.

எனக்கு எப்போதும் ஆச்சரியம் தருவது இதற்கு அடுத்த கட்டம். மழை வருவதற்கு இன்னும் இரண்டு மாசம் இருக்கிறது. வெயில் 40 டிகிரியைத் தொடுகிறது. தண்ணீர் லாரிக்குக் குடம் குடமாக வரிசை நிற்கிறது. அந்த நேரம் பார்த்து மரங்கள் புது இலை விடுகின்றன! செலவைக் குறைக்கத்தானே இலையைக் கொட்டியது? நட்ட நடுக் கோடையில் எந்த தைரியத்தில் மறுபடி துளிர்க்கிறது?

பழைய இலை போனதும் செலவு நின்றுவிடுகிறது. ஆழ வேர்கள் கொண்டுவரும் கொஞ்ச நஞ்சத் தண்ணீர் தண்டில் சேர்கிறது. மொட்டுக்கள் பருப்பதற்கு அது போதும். எப்போது துளிர்ப்பது என்பதற்கு மழையை எதிர்பார்க்காமல் பகலின் நீளத்தைப் பல மரங்கள் அடையாளமாகக் கொள்கின்றன என்று தாய்லாந்து போன்ற பருவமழை நாடுகளின் காடுகளில் ஆராய்ந்த விஞ்ஞானிகள் கண்டிருக்கிறார்கள். மழை ஒரு வருஷம் முந்தும், ஒரு வருஷம் பிந்தும். சூரியனின் கணக்கு பிந்தாது. மார்ச்சில் பகல் நீள்வது வருஷா வருஷம் ஒன்றுபோல. முதல் மழை இறங்கும்போது இலை முற்றித் தயாராக இருந்தால் முதல் நாளிலிருந்தே சமையல் தொடங்கலாம். மழையைக் கண்ட பிறகு துளிர்ப்பவன் மூன்று வாரம் பின்தங்கிப் போவான்.

அந்தத் தளிர் ஏன் பச்சையாக இல்லாமல் செம்பாக இருக்கிறது என்று குழந்தைகள் கேட்கிறார்கள். ஆந்தோசயனின் என்ற சாயப் பொருள்தான் காரணம். நாவற்பழத்துக்கு நிறம் கொடுப்பதும் இதே வகைச் சாயம். பச்சையம் இன்னும் தேறாத பிஞ்சு இலையை இந்தச் சாயம் வெயிலிலிருந்து காக்கிறது என்பது ஒரு கட்சி. பூச்சிகளுக்கு ருசிக்காதபடி செய்கிறது என்பது இன்னொரு கட்சி. இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடும்.

அஞ்சு மணி மரம்

மழைக்கும் இலைக்கும் உள்ள உறவைக் கண்ணெதிரே பார்க்க விரும்புகிறவர்கள் தூங்குமூஞ்சி மரத்தடிக்குப் போக வேண்டும். ரயில்வே குடியிருப்புகளிலும் பழைய சாலைகளிலும் குடை விரித்ததுபோல் நிற்கும் இந்த மரம் நம் நாட்டுச் சரக்கல்ல. தென் அமெரிக்காவிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. தெலுங்கில் நித்ர கன்னேரு. நம்மைப்போலவே அவர்களும் தூக்கத்தை வைத்தே பெயரிட்டிருக்கிறார்கள். மலேயாவுக்குப் போன நம்மவர்களைக் கேட்டால் அங்கே இதற்கு 'அஞ்சு மணி மரம்' என்று அர்த்தம் வரும் பெயர் இருப்பதைச் சொல்வார்கள். மாலை ஐந்து மணி சுமாருக்கு இலையை மடக்கத் தொடங்குவதால் அந்தப் பெயர்.

சாயங்காலம் மட்டுமல்ல, மேகம் கறுத்துப் பகல் இருட்டினாலும் இது இலைகளை மடக்கிக்கொள்ளும். ஆங்கிலத்தில் இதை மழை மரம் என்று அழைப்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. இலை மடிந்ததும் குடையில் ஓட்டை விழுந்த மாதிரி ஆகிறது. மழை நேரே தரைக்கு இறங்குகிறது. சுற்றிலும் புல் காய்ந்திருக்கும்போது இதன் அடியில் மட்டும் புல் பச்சென்று இருக்கும் என்பார்கள். மழையே இல்லாத நாளில் இந்த மரத்தடியில் தூறல் விழுகிறது என்று தென் அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரிய பேச்சாக இருந்தது. கிளைகளில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும் சில்வண்டு போன்ற பூச்சிகள் வெளியேற்றும் நீர்தான் அந்தத் தூறல் என்று பின்னால் தெரிய வந்தது. இதைப் படித்த பிறகு மரத்தடியில் அண்ணாந்து பார்ப்பதை நான் குறைத்துக்கொண்டேன்.

மடக்கும் யந்திரம் எங்கே இருக்கிறது? இலைக் காம்பின் அடியிலும் ஒவ்வொரு சிற்றிலையின் அடியிலும் சிறு கணு ஒன்று புடைத்திருக்கும். அதன் மேல்பக்க உயிரணுக்களும் கீழ்ப்பக்க உயிரணுக்களும் எதிரெதிராக வேலை செய்கின்றன. பொட்டாசியம் உப்பு ஒரு பக்கத்து அணுக்களுக்குள் புகுந்தால் பின்னாலேயே தண்ணீரும் புகும்; அந்தப் பக்கம் உப்பும். மறுபக்கம் உப்பும் தண்ணீரும் வெளியேறித் தளரும். இலை மடியும் அல்லது விரியும். 1970களில் அமெரிக்காவில் ரூத் சாட்டர் என்ற அம்மையாரும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தத் தூங்குமூஞ்சி மரத்தையே வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்கள். நம் தெரு ஓரத்து மரத்துக்கு உலக விஞ்ஞானத்தில் இப்படி ஓர் இடம் உண்டு.

வெளிச்சம் குறைவது மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிடக் கூடாது. 1729-ல் பிரெஞ்சு விஞ்ஞானி தெ மைரான் ஒரு தொட்டாற்சிணுங்கிச் செடியை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெளிச்சம் எட்டாமலே அது காலையில் விரிந்தது, மாலையில் மடிந்தது. செடிக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது என்ற உண்மைக்கு அது முதல் வாசல். கறுத்த மேகம் அந்தக் கடிகாரத்தை மீறி இலையை மடக்க வைக்கிறது. மேகம் விலகினால் பகல் நேரமாக இருக்கும் பட்சத்தில் மீண்டும் விரிகிறது.

புளியமரமும் இப்படித் தூங்கும் கூட்டத்தைச் சேர்ந்ததே. கிறிஸ்து பிறப்பதற்கு முன் நாலாம் நூற்றாண்டில் மகா அலெக்சாண்டரின் ஆள் ஆண்ட்ரோஸ்தனீஸ், இன்றைய பஹ்ரைன் தீவில் ஒரு மரம் இரவில் இலை மடக்குவதைக் கண்டு எழுதி வைத்தார். அது புளியமரம் என்றே அறிஞர்கள் கருதுகிறார்கள். ஐதராபாத்தில் புளியமரத்துக்கு வேறொரு பெருமையும் உண்டு. 1908 செப்டம்பர் 28-ந் தேதி மூசி நதி பெருக்கெடுத்து நகரைச் சூறையாடியபோது, அப்சல்கஞ்ச் பகுதியில் ஒரு புளியமரத்தைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் பிழைத்தார்கள். பிற்பாடு உஸ்மானியா ஆஸ்பத்திரி எழுந்த வளாகம் அது.

மழை வரும் என்று இலை சொல்லுமா?

இலை வெளுப்புக் காட்டினால் மழை என்று கிராமத்துப் பெரியவர்கள் சொல்வார்கள். இலைகள் திரும்பி அடிப்பக்கம் மேலே தெரிவதைத்தான் வெளுப்புக் காட்டுவது என்கிறார்கள். வைகாசி மாதத்து இடி மழைக்கு முன்னால் இது நடப்பதை நானே பல தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் இலைக்கு ஜோசியம் தெரியும் என்று இதிலிருந்து முடிவு கட்ட முடியாது. இடிமேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழே விழுந்து தரையில் பட்டு நாலா பக்கமும் சீறிப் பாயும். மழைக்குச் சில நிமிஷம் முன்னதாக அது வந்து சேரும். வழக்கமான திசையில் இல்லாத அந்தக் காற்று இலைகளைப் புரட்டுகிறது. இலை முன்கூட்டி அறிவிக்கவில்லை. வந்துவிட்ட சேதியை நமக்குக் காட்டுகிறது. ஸ்டேஷன் மணியும் அப்படித்தான். மணி அடித்ததால் வண்டி வருவதில்லை.

இதே விதமான ஒரு விஷயத்தை ஜகதீச சந்திர போஸ் அழகாகத் தீர்த்து வைத்தார். வங்காளத்தில் பரீத்பூர் அருகே, இப்போது அது பங்களாதேஷில் இருக்கிறது, ஓர் ஈச்ச மரம் மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் தலை வணங்கித் தரையைத் தொடுமாம், காலையில் நிமிர்ந்துவிடுமாம். ஜனங்கள் அதைத் தெய்வ அருள் என்று கொண்டாடினார்கள். போஸ் கருவி பொருத்தி இரவும் பகலும் அளந்தார். உஷ்ணம் ஏறும்போது மரம் சாய்வதும் உஷ்ணம் இறங்கும்போது நிமிர்வதும் பதிவாயின. மரம் வணங்கியது பொய் அல்ல. காரணம்தான் மணியோசை அல்ல, வெயில்.

மழை விழுந்த பிறகு இலை என்ன செய்கிறது என்பதும் பார்க்கத்தக்கது. அரசிலையின் நுனி வால்போல் நீண்டிருக்கும். மழை ஓய்ந்ததும் அந்த வால் வழியே தண்ணீர் சொட்டுச் சொட்டாக வடிந்து இலை சீக்கிரம் காயும். மழைக் காடுகளில் பல மரங்களுக்கு இந்த அமைப்பு இருக்கிறது. ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், பாசி படியும். அதைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு என்பது ஒரு சாரார் கருத்து. தாமரையும் சேம்பும் வேறு தந்திரம் வைத்திருக்கின்றன. அவற்றின் மேல் கண்ணுக்குப் புலப்படாத மெழுகு மேடுகள் உண்டு. துளி ஒட்டாமல் முத்தாக உருண்டு, போகிற போக்கில் தூசியையும் துடைத்துக்கொண்டு ஓடிவிடும். 1997-ல் ஜெர்மன் விஞ்ஞானி பார்த்லாட்டும் அவருடைய சகாவும் இதை விளக்கி எழுதிய பின் அழுக்கு ஒட்டாத பெயிண்டு வரை இந்த யுக்தி வந்துவிட்டது.

ரயில்வேக்காரன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நனைந்த இலை ரயிலையே நிறுத்திவிடும்! இங்கிலாந்தில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் குளிருக்கு இலை உதிர்கிறது. அது தூறல் காலம். தண்டவாளத்தில் விழுந்த இலைகளைச் சக்கரங்கள் நசுக்கி நசுக்கிக் கறுப்பாக ஒரு வழுக்குப் பூச்சை உண்டாக்குகின்றன. பிரேக் போட்டால் வண்டி சறுக்கும், கிளப்பினால் சக்கரம் சுற்றிக்கொண்டே நிற்கும். தண்ணீரைப் பீச்சியடித்துத் தண்டவாளத்தைக் கழுவ அங்கே தனி வண்டிகளே ஓடுகின்றன. நம் பக்கம் இந்தத் தொல்லை பெரிதாக இல்லாததற்குக் காரணம் மேலே சொன்ன கால அட்டவணைதான். இங்கே இலை உதிர்வது மழையற்ற மார்ச்சில். தண்டவாளத்தில் விழுந்த சருகு நொறுங்கித் தூளாகிக் காற்றோடு போய்விடும். நமக்கு மழைக்காலக் கவலை இலை அல்ல, கிளை. 25,000 வோல்ட் மின்கம்பிக்கு மேலே நீளும் கிளைகளை மழைக்கு முன்னால் கழித்துவிட வேண்டும்.

கிளை என்றதும் கோடைச் சூறாவளி நினைவுக்கு வரும். ஏப்ரல், மே மாதச் சாயங்காலங்களில் திடீரென்று காற்று வீசி மரங்கள் சாய்வதும் ஆட்டோ நசுங்குவதும் இரட்டை நகரங்களில் வாடிக்கை. புது இலை நிறைந்த தலைப்பாரம் காற்றுக்குப் பாய்மரம்போல் ஆகிறது. மழையில் நனைந்தால் எடையும் ஏறுகிறது. ஆனால் விழுந்த மரத்தின் அடியைப் போய்ப் பாருங்கள். பல இடங்களில் அடிமரத்தை ஒட்டியே சிமெண்டுத் தளம் போட்டிருப்பார்கள். ஒரு பக்கத்து வேரைக் குழாய்க்கோ கேபிளுக்கோ தோண்டி வெட்டியிருப்பார்கள். மழை நீர் இறங்க வழியில்லை. வேருக்கு மூச்சுவிடவும் வழியில்லை. டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் தூரத்துக்கு உள்ள சிமெண்டை எடுத்துவிட வேண்டும் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-ல் உத்தரவிட்டது. அந்த ஒரு மீட்டர் கணக்கு மெட்டுகுடாவுக்கும் பொருந்தும். 2017 நவம்பரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய நம் பிரதான சாலையில் தூண்களுக்கும் நடைபாதைக்கும் போக மரத்துக்கு மிச்சமிருக்கும் மண் எவ்வளவு என்பதை ஸ்டேஷன் படியில் இறங்குகிறவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளலாம்.

சிமெண்டில் சிறைப்பட்ட மரம் இலையாலும் முறையிடுகிறது. ஆவணி மாதத்தில், அக்கம்பக்கத்து மரங்கள் பச்சைப்பசேல் என்று இருக்கும்போது ஒரு மரம் மட்டும் மஞ்சளித்து உதிர்த்தால் அது கால அட்டவணைப்படி நடப்பது அல்ல. இலை ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் பழுத்தாலும், வருஷத்துக்கு வருஷம் இலை சிறுத்துக்கொண்டே போனாலும் வேரில் ஏதோ கோளாறு என்று சந்தேகிக்கலாம். மனு எழுத வேண்டிய மரம் இதுதான். அதுவும் வெட்டச் சொல்லி அல்ல, சிமெண்டை உடைக்கச் சொல்லி.

வேம்பு கருகிய வருஷம்

மார்ச்சில் மொட்டையாக நிற்கும் மரத்துக்குப் பயப்படுகிற நாம், உண்மையில் பயப்பட வேண்டிய காட்சி ஒன்றை 2021-ல் தெலங்கானா முழுவதும் கண்டோம். மழைக்காலம் நன்றாகப் பெய்திருந்தது. மற்ற மரங்கள் செழித்து நின்றன. வேப்பமரங்கள் மட்டும் கிளை நுனியிலிருந்து கருகத் தொடங்கின. நெருப்பு வைத்துச் சுட்டதுபோல் தலை முழுவதும் பழுப்பு. கிராமங்களில் இதை அம்மன் கோபம் என்று சொன்னவர்களும் உண்டு. செல்போன் கோபுரத்தின் மேல் பழி போட்டவர்களும் உண்டு.

விவசாயப் பல்கலைக்கழக நிபுணர்கள் கண்ட காரணம் ஒரு பூஞ்சை. போமோப்சிஸ் அசாடிரக்டே என்று பெயர். வேப்பமரத்துக்கென்றே வாய்த்த வியாதி. டேராடூன் பகுதியில் 1990களிலேயே அறியப்பட்டது. தேயிலைக் கொசு என்று அழைக்கப்படும் ஒரு பூச்சி இளந்தளிரைக் குத்திச் சாறு உறிஞ்சும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சைக்கு நுழைவது சுலபம். மழை இதற்குத் தபால்காரன் வேலை பார்க்கிறது. காய்ந்த குச்சியில் உண்டாகும் வித்துக்கள் மழைத்துளி தெறிக்கும்போது பக்கத்துக் கிளைக்குப் போய்ச் சேரும். ஆகவேதான் ஆவணி, புரட்டாசியில் ஆரம்பித்துக் கார்த்திகை வரை நோய் தீவிரமாக இருக்கிறது. இலை மட்டுமல்ல, பூங்கொத்தும் கருகும், பழமும் அழுகும். யுகாதிப் பச்சடிக்கும் நமது சித்திரை முதல் நாள் பச்சடிக்கும் வேப்பம்பூ எங்கே போவது என்று இரண்டு பாஷைக்காரர்களும் சேர்ந்து கவலைப்பட்ட வியாதி.

மழைத்துளியில் நோய் வரும் என்பது செடிகளுக்கே தெரியும்போலிருக்கிறது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் மேல் தண்ணீர் தெளித்துப் பார்த்த ஆராய்ச்சி 2019-ல் வெளியானது. துளி பட்ட சில நிமிஷங்களுக்குள் செடிக்குள் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொண்டு, எதிர்ப்புச் சக்திக்கான ஜாஸ்மோனிக் அமிலம் ஊறத் தொடங்கியதாம். இலை மேல் உள்ள நுண்ணிய ரோமங்களே துளியின் தட்டலை உணர்கின்றன என்று ஜப்பானின் நகோயா சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 2022-ல் காட்டினார்கள். மழையில் நனைந்து வந்த பிள்ளைக்கு நம் பாட்டிமார் கொடுக்கும் சுக்குக் கஷாயத்தை இலை தானே காய்ச்சிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

வேம்புக்கு அந்தக் கஷாயம் போதவில்லை. ஆனாலும் அது சாகவில்லை என்பதே நான் சொல்ல வந்தது. 2021 கடைசியில் கருகி நின்ற மரங்கள் பலவும் வெயில் ஏறிய பிறகு 2022-ல் தடித்த கிளைகளிலிருந்து மறுபடி துளிர்த்தன. கருகியது நுனிதான், அடிமரத்தில் உயிர் இருந்தது. அந்த மாதங்களில் செத்துவிட்டது என்று வெட்டப்பட்டவை மட்டும் துளிர்க்கவில்லை. நோய் அதற்குப் பின்னும் மழைக்காலங்களில் தலைகாட்டியது.

இரண்டு காட்சியையும் வாசகர்கள் குழப்பிக்கொள்ளக் கூடாது. பங்குனியில் வேப்பிலை மஞ்சளாகப் பழுத்துத் தரையில் விழுந்து, கூடவே புதுத்தளிர் வந்தால் அது மரத்தின் வழக்கம். மழைக்காலத்தில் இலை விழாமல் கிளையிலேயே பழுப்பாகத் தொங்கினால் அது வியாதி. உதிர்ப்பதற்கான தக்கை அடுக்கை மரம் கட்டுவதற்கு முன்பே குச்சி செத்துவிட்டதால் இலை ஒட்டிக்கொண்டு நிற்கிறது. சிறு மரமாக இருந்தால் காய்ந்த குச்சிகளைப் பச்சை தெரியும் இடம் வரைக்கும் வெட்டி எரித்துவிடலாம். மருந்து தெளிப்பதானால் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அதிகாரியைக் கேட்டுச் செய்ய வேண்டும். பெரிய மரத்தைக் கோடை முடியும் வரை விட்டுப் பார்ப்பதே உத்தமம். எப்படியானாலும், 2002-ம் வருஷத்து நீர், நிலம், மரங்கள் சட்டத்தின்படி அனுமதி இல்லாமல் மரத்தில் கோடரி வைக்க முடியாது. வால்டா சட்டம் என்று இங்கே அதற்குப் பெயர். அனுமதிக்கு மனுப் போட்டால் அதிகாரிகள் வந்து பார்வையிட வேண்டும். பார்வையிட வரும்போது பட்டையைக் கீறிக் காட்டுமாறு கேளுங்கள். நகமோ பேனாக் கத்தியோ போதும், அரை நிமிஷ வேலை.